அதிபரை மீறி அயல்நாட்டோடு பேசும் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்கள்: செய்தியை எடைபோடுவது எப்படி

அதிபருக்கு ஆகாத ஒரு நாட்டின் தலைநகரில் அமெரிக்க செனட்டர் ஒருவர் போய் இறங்கி, அந்நாட்டுத் தலைவரோடு கைகுலுக்கும் படம் வெளிவந்த சில மணி நேரத்திலேயே, அவருடைய கட்சியினர் அதை மக்கள் பிரதிநிதியின் கடமை என்பார்கள். எதிரணியினர் தேசத்துரோகம் என்பார்கள். ஆட்சி கை மாறும்போது இந்த வசனங்களும் கை மாறும். இரண்டு கூச்சல்களுக்கும் நடுவில் நின்று அந்தச் செய்தியைப் படிக்கவோ, மொழிபெயர்க்கவோ, அதற்குத் தலைப்பிடவோ வேண்டியவர்களுக்காக இந்த வழிமுறையை எழுதுகிறேன். இதில் திரும்பத் திரும்பக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: அந்த உறுப்பினர் எந்த அதிகாரத்தை நம்பிப் பேசுகிறார், அந்த அதிகாரம் அவர் கையில் இருக்கிறதா?

முதலில் லோகன் சட்டத்தை ஓரமாக வையுங்கள்

இத்தகைய செய்தி வரும்போதெல்லாம் யாராவது ஒருவர் லோகன் சட்டத்தைக் கையில் எடுப்பார். அரசின் அனுமதி இல்லாமல், அமெரிக்காவோடு தகராறில் உள்ள ஓர் அயல்நாட்டு அரசின் போக்கை மாற்றும் நோக்கத்தோடோ, அமெரிக்க அரசின் நடவடிக்கைகளை முறியடிக்கும் நோக்கத்தோடோ அந்த அரசுடன் தொடர்புகொள்ளும் அமெரிக்கக் குடிமக்களுக்கு அபராதமோ மூன்றாண்டு வரையிலான சிறையோ விதிக்க அது இடமளிக்கிறது. வாசகத்தை மட்டும் படித்தால், செனட்டும் பிரதிநிதிகள் சபையும் சேர்ந்த அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரசில் பாதிப் பேர் சிறையில் இருக்க வேண்டும் என்று தோன்றும். நடைமுறை வேறு. 1799-இல் இயற்றப்பட்ட இந்தச் சட்டத்தின் கீழ் குற்றம் சாட்டப்பட்டவர்கள் இரண்டே பேர்: 1803-இல் நாளிதழில் கட்டுரை எழுதிய கென்டக்கி விவசாயி ஒருவர், 1852-இல் மெக்சிகோ அதிபருக்குக் கடிதம் எழுதிய ஜோனஸ் லெவி. தண்டனை பெற்றவர் எவரும் இல்லை.

சட்டத்துக்குப் பெயர் தந்த ஜார்ஜ் லோகனின் கதை அதைவிடச் சுவையானது. பென்சில்வேனியாவைச் சேர்ந்த மருத்துவரான அவர், பிரான்சும் அமெரிக்காவும் போரின் விளிம்பில் நின்ற 1798-இல், அன்றைய துணை அதிபர் தாமஸ் ஜெஃபர்சனின் அறிமுகக் கடிதத்தோடு தாமாகவே பாரிசுக்குச் சென்று, வெளியுறவு அமைச்சர் தாலேரான் உள்ளிட்டோரைச் சந்தித்துப் பேசினார். பிரான்சும் அமெரிக்கக் கப்பல்கள் மீதான தடையைத் தளர்த்தி, பிடித்து வைத்திருந்த மாலுமிகளை விடுவித்தது. அவர் திரும்பி வந்த சில மாதங்களிலேயே, ஆளும் ஃபெடரலிஸ்ட் கட்சியினர் இந்தச் சட்டத்தை நிறைவேற்றினார்கள். அந்த லோகனையே அவருடைய மாநிலம் 1801-இல் செனட்டுக்கு அனுப்பி வைத்தது. 1810-இல் அவர் மறுபடியும் தாமாகவே பிரிட்டனுக்குச் சமாதானம் பேசப் போனார். யாரும் வழக்குத் தொடுக்கவில்லை.

காங்கிரஸ் உறுப்பினர்களைப் பொறுத்தவரை இன்னொரு தடையும் உண்டு. செனட்டர்கள் ஜான் ஸ்பார்க்மனும் ஜார்ஜ் மெகவர்னும் கியூபாவுக்குச் சென்று அங்குள்ள அதிகாரிகளைச் சந்தித்தபோது இதே குற்றச்சாட்டு எழுந்தது. உறுப்பினர்கள் தங்கள் சட்டமியற்றும் கடமையின் பொருட்டு அயல்நாட்டு அதிகாரிகளோடு உரையாடுவதை இந்தச் சட்டம் தடுப்பதாகத் தெரியவில்லை என்று வெளியுறவுத் துறையே 1975-இல் விளக்கம் தந்தது. ஆகவே ‘லோகன் சட்டத்தை மீறினார்’ என்று எவராவது பேட்டி கொடுத்தால், அதை அவருடைய குற்றச்சாட்டாக மட்டும் பதிவுசெய்யுங்கள். செய்தியின் முதல் வரியில் ஏற்றாதீர்கள். பல ஆண்டுகளுக்கு முன் நானே அப்படி ஒரு தலைப்பை வைத்துவிட்டு, மறுநாள் திருத்தம் போட நேர்ந்தது.

யார் கையில் எது இருக்கிறது

அடுத்ததாக அதிகாரப் பங்கீட்டை ஒருமுறை மனத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டும். தூதர்களை நியமிப்பதும் வரவேற்பதும் உடன்படிக்கை பேசுவதும் படைகளுக்குத் தலைமை தாங்குவதும் அதிபரின் வேலை. போர் பிரகடனம் செய்வது, அயல்நாட்டு வணிகத்தை நெறிப்படுத்துவது, கருவூலத்தைத் திறப்பது அல்லது மூடுவது ஆகியவை காங்கிரசின் வேலை. உடன்படிக்கைக்கு இசைவு தருவது செனட்டின் தனியுரிமை. அதற்கு, வருகை தந்துள்ள உறுப்பினர்களில் மூன்றில் இரு பங்கினரின் வாக்கு வேண்டும்.

அயலுறவில் நாட்டின் ‘ஒரே குரல்’ அதிபர்தான் என்ற வாதம், 1800-இல் பிரதிநிதிகள் சபையில் ஜான் மார்ஷல் ஆற்றிய உரையிலிருந்து கிளம்பி, 1936-இல் கர்ட்டிஸ்-ரைட் வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குள் நுழைந்தது. வெள்ளை மாளிகை வழக்கறிஞர்கள் அதை இன்றும் மேற்கோள் காட்டுவார்கள். ஆனால் 2015-இல் சிவோடோஃப்ஸ்கி வழக்கில் அதே நீதிமன்றம் இன்னும் கவனமாகக் கோடு போட்டது. ஜெருசலேமில் பிறந்த அமெரிக்கர், தம் கடவுச்சீட்டில் பிறந்த நாடாக இஸ்ரேலைக் குறிப்பிடும்படி கேட்கலாம் என்று காங்கிரஸ் இயற்றிய சட்டப் பிரிவை, அயல்நாட்டையும் அதன் எல்லையையும் அங்கீகரிக்கும் அதிகாரம் அதிபருக்கு மட்டுமே உரியது என்ற அடிப்படையில் நீதிமன்றம் செல்லாததாக்கியது. அதே மூச்சில், அயலுறவு முழுவதிலும் அதிபருக்கு எல்லையற்ற அதிகாரம் உண்டு என்ற அரசுத் தரப்பு வாதத்தை ஏற்கவும் மறுத்துவிட்டது. ஆக, ஓர் உறுப்பினர் அயல்நாட்டில் நின்று ‘இந்த அரசை அமெரிக்கா அங்கீகரிக்கும்’ என்றால் அவர் கையில் இல்லாததைப் பேசுகிறார். ‘இந்த அரசுக்கான உதவித்தொகையை எதிர்த்து வாக்களிப்பேன்’ என்றால் கையில் உள்ளதைப் பேசுகிறார்.

‘நாங்கள்’ என்ற சொல்லைத் துருவிப் பாருங்கள்

இந்த வேலையில் அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான். உறுப்பினர் சொன்னதாக வரும் சுருக்கத்தை நம்பாமல், கடிதமோ பேட்டியோ முழு வாசகத்தைத் தேடி எடுங்கள். எடுத்து, ஒவ்வொரு வாக்கியத்திலும் எழுவாயையும் வினைமுற்றையும் மட்டும் அடிக்கோடிடுங்கள். ‘நாங்கள்’ என்பதில் எண்ணப்படுவோர் யார்? கையொப்பமிட்ட உறுப்பினர்களா, அந்த அவையா, அமெரிக்க நாடா? தமிழில் வினைமுற்று ‘-ஓம்’ என்று முடிந்துவிட்டால் மூன்றும் ஒன்றுபோலவே தோன்றும். மொழிபெயர்க்கும்போது வழுக்குவது அங்கேதான்.

1997-இல் பிரதிநிதிகள் சபையின் சபாநாயகர் நியூட் கிங்ரிச் சீனாவுக்குச் சென்றபோது, தைவான் தாக்கப்பட்டால் நாங்கள் காப்போம் என்ற பொருள்படத் தலைவர்களிடம் ஒளிவுமறைவின்றிச் சொன்னார். தைவானைக் காக்கப் படை அனுப்புவோமா மாட்டோமா என்பதை வேண்டுமென்றே தெளிவில்லாமல் வைத்திருப்பது அமெரிக்க அரசின் நெடுநாளைய வழக்கம். கிங்ரிச் தம் சார்பில்தான் பேசினார் என்று கிளின்டன் நிர்வாகம் விளக்கம் தர வேண்டியதாயிற்று. அந்த ‘நாங்கள்’ ஒரு நாட்டையே உள்ளடக்கியது. சொன்னவருக்கோ ஒரு படைப்பிரிவைக்கூட நகர்த்தும் அதிகாரம் கிடையாது.

இதற்கு நேர் மாறாக, மிக நுட்பமாக எழுதப்பட்டது 2015 மார்ச் 9-ஆம் தேதி வெளியான பகிரங்கக் கடிதம். ஈரான் அணுத் திட்டம் குறித்து ஒபாமா நிர்வாகம் பேச்சு நடத்திக்கொண்டிருந்தபோது, ஆர்கன்சா மாநில செனட்டர் டாம் காட்டன் எழுதி, 47 குடியரசுக் கட்சி செனட்டர்கள் கையொப்பமிட்டு, ஈரானின் தலைவர்களை விளித்து வெளியிடப்பட்டது. அப்போது அக்கட்சிக்கு 54 செனட்டர்கள் இருந்தார்கள். ஏழு பேர் கையொப்பமிடவில்லை. அதை வரிவரியாகப் பிரித்தால் மூன்று வகைக் கூற்றுகள் கிடைக்கின்றன.

ஒன்று, அரசமைப்புப் பாடம்: காங்கிரசின் ஒப்புதல் பெறாத ஒப்பந்தம் அதிபரின் தனி ஒப்பந்தம் மட்டுமே. இது விவாதத்துக்குரிய கருத்துதான் என்றாலும், சொல்லக் கூடாத இரகசியம் எதுவும் இல்லை. இரண்டு, நாட்காட்டிக் கணக்கு: ஒபாமாவின் பதவிக்காலம் 2017 ஜனவரியில் முடியும், எங்களில் பெரும்பாலோர் அதற்குப் பின்னும் நெடுங்காலம் இருப்போம். இதுவும் உண்மை. மூன்றாவது வகையில்தான் கவனம் வேண்டும்: அடுத்த அதிபர் பேனாவின் ஒரே கீறலில் ஒப்பந்தத்தை ரத்துசெய்யலாம், வருங்காலக் காங்கிரஸ் எப்போது வேண்டுமானாலும் அதன் விதிகளைத் திருத்தலாம் என்ற வாக்கியம். இங்கே எழுவாய் ‘நாங்கள்’ அல்ல. இன்னும் பதவிக்கு வராத ஒருவர். உறுதிமொழி என்று எதுவும் தரப்படவில்லை, மிரட்டலின் சாயல் மட்டும் இருக்கிறது. அமெரிக்கா ஒருதலைப்பட்சமாக விலகினால் அது சர்வதேசச் சட்ட மீறலாகும் என்று ஈரான் வெளியுறவு அமைச்சர் ஜவாத் சரீஃப் பதிலளித்தார்; கடிதத்தைப் பிரசார உத்தி என்றும் ஒதுக்கினார்.

அயல்நாட்டாருக்கு அரசமைப்புப் பாடம் நடத்தக் கிளம்பிய அந்தக் கடிதத்திலேயே ஒரு பிழை இருந்தது. உடன்படிக்கையைச் செனட் உறுதிப்படுத்துவதாக அதில் எழுதப்பட்டிருந்தது. உண்மையில் செனட் இசைவுதான் தருகிறது. அதன்பின் உறுதிப்படுத்துவது அதிபர். சின்ன விஷயம்போலத் தோன்றும், ஆனால் வாசகத்தை முழுவதும் படிப்பவர்களுக்கே இதுபோன்ற விஷயங்கள் கண்ணில் படும்.

இந்த அடிக்கோடு முறையை வைத்துப் பார்த்தால், காட்டன் கடிதத்தைக் கண்டிக்கவும் ஆதரிக்கவும் இடமிருக்கிறது. ஆனால் ‘47 செனட்டர்கள் ஈரானோடு பேச்சுவார்த்தை நடத்தினார்கள்’ என்று எழுத இடமில்லை. அவர்கள் எதையும் கேட்கவுமில்லை, தரவுமில்லை. அதிபரின் பேரத்துக்குள் வெளியிலிருந்து சத்தம் போட்டார்கள். என் கணக்கில் அது பேச்சுவார்த்தையைவிட நாகரிகக் குறைவானது, சட்டப்படி பாதுகாப்பானது.

தூது சுமப்பதில் உள்ள ஆபத்து

சில உறுப்பினர்கள் சொந்தக் கருத்தைச் சொல்வதோடு நிற்காமல், ஒரு நாட்டின் செய்தியை இன்னொரு நாட்டுக்குச் சுமந்து செல்வார்கள். அத்தகைய செய்தி வந்தால், அனுப்பியவரின் வாயிலிருந்து உறுதி கிடைக்கும்வரை அதை உண்மை என்று எழுதாதீர்கள். 2007 ஏப்ரலில், சபாநாயகர் நான்சி பெலோசி புஷ் நிர்வாகத்தின் ஆட்சேபத்தை மீறி டமாஸ்கஸ் சென்று சிரிய அதிபர் பஷார் அல்-அசாதைச் சந்தித்தார். சமாதானப் பேச்சுக்கு இஸ்ரேல் தயார் என்ற பிரதமர் ஒல்மெர்ட்டின் செய்தியைத் தாம் தெரிவித்ததாகச் சொன்னார். இஸ்ரேலின் கொள்கையில் மாற்றமில்லை, சிரியா முதலில் பயங்கரவாதத்துக்குத் தரும் ஆதரவை நிறுத்த வேண்டும் என்று ஒல்மெர்ட்டின் அலுவலகம் உடனே விளக்க அறிக்கை வெளியிட்டது. நிபந்தனையோடு சொல்லப்பட்ட ஒன்று, வாய் மாறும்போது நிபந்தனையை உதிர்த்துவிட்டது. தொழில்முறைத் தூதர்கள் பேச்சுக்குப் போகும்போது எழுத்தில் குறிப்பு வைத்துக்கொள்வது இதற்காகத்தான்.

அதே பயணத்தில் மற்றொரு பக்கமும் இருக்கிறது. பெலோசிக்குச் சில நாட்கள் முன்னதாக, ஃபிராங்க் வுல்ஃப் தலைமையில் குடியரசுக் கட்சி உறுப்பினர்கள் சிலரும் அசாதைச் சந்தித்திருந்தார்கள். அவர்கள் மீது அந்த அளவுக்குச் சீற்றம் பாயவில்லை. பெலோசியின் பதவி பெரியது என்பது ஒரு நியாயமான காரணம். கட்சி இன்னொரு காரணம் என்பதைச் சொல்லவே வேண்டாம்.

பயணத்துக்கு யார் பணம், யார் விமானம்

உறுப்பினர்களின் அதிகாரபூர்வக் குழுப் பயணங்கள் பொதுப்பணத்தில் நடக்கின்றன. சந்திப்புகளை ஏற்பாடு செய்வதும் விமான நிலையத்தில் வரவேற்பதும் பெரும்பாலும் அங்குள்ள அமெரிக்கத் தூதரகம். செலவு அறிக்கைகள் காங்கிரஸ் பதிவேட்டில் வெளியாகும். தனியார் செலவில் போகும் பிரதிநிதிகள் சபை உறுப்பினர், அவையின் நெறிமுறைக் குழுவிடம் முன்அனுமதி பெற வேண்டும். ஆகவே ‘அதிபருக்குத் தெரியாமல் போனார்’ என்ற வாக்கியத்தை எழுதுவதற்கு முன் விமானம் யாருடையது என்று கேளுங்கள். 2022 ஆகஸ்ட் 2-ஆம் தேதி பெலோசி தைவானில் இறங்கியது அமெரிக்க விமானப்படை விமானத்தில். அந்தப் பயணம் இப்போது உசிதமல்ல என்று இராணுவத்தினர் கருதுவதாக அதிபர் பைடன் அதற்கு முன்பே வெளிப்படையாகச் சொல்லியிருந்தார். விரும்பாத பயணத்துக்கு அவருடைய நிர்வாகமே விமானம் தந்தது. சீனாவின் பார்வையில் இது எதிர்ப்பா ஒப்புதலா என்பது எளிதில் விளங்கும். ஆகஸ்ட் 4-ஆம் தேதி தைவானைச் சுற்றிப் போர்ப்பயிற்சி தொடங்கியது, மறுநாள் அமெரிக்காவுடனான பருவநிலைப் பேச்சும் இராணுவத் தளபதிகளிடையேயான பேச்சும் உள்ளிட்ட பல தொடர்புகளைச் சீனா முடக்கியது. பருவநிலைப் பேச்சு அந்த ஆண்டு நவம்பரில்தான் மீண்டது.

பணம் எதிர்த் திசையில் பாய்ந்தால் அது வேறு வழக்கு. செனட் அயலுறவுக் குழுவின் தலைவராக இருந்த பாப் மெனென்டஸ், லஞ்சம் பெற்றது, எகிப்தின் முகவராகச் செயல்பட்டது உள்ளிட்ட குற்றங்களைச் செய்தவர் என்று 2024-இல் தீர்ப்பாகி, 2025 ஜனவரியில் 11 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். இதைக் கொள்கை வேறுபாட்டுச் செய்திகளோடு ஒரே பட்டியலில் சேர்க்கவே கூடாது.

ஊர் திரும்பிய பின் என்ன செய்தார்

பேசிவிட்டு வந்தவர், அவையில் அதை வாக்காக மாற்றினாரா என்று பார்ப்பது அடுத்த வேலை. அவைக்குள் பேசும் பேச்சுக்கும் அளிக்கும் வாக்குக்கும் அரசமைப்பே பாதுகாப்புத் தருகிறது; அவைக்கு வெளியே விடும் அறிக்கைகளுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை என்று 1979-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆகவே உறுப்பினரின் பலம் கடைசியில் அவையில்தான் இருக்கிறது.

1985 ஏப்ரலில், செனட்டர்கள் ஜான் கெர்ரியும் டாம் ஹார்கினும் நிகரகுவாவுக்குச் சென்று அந்நாட்டு அதிபர் டேனியல் ஓர்ட்டேகாவைச் சந்தித்து, போர்நிறுத்த யோசனை ஒன்றோடு திரும்பினார்கள். ஓர்ட்டேகாவின் அரசை எதிர்த்துப் போரிட்ட கான்ட்ரா கிளர்ச்சியாளர்களுக்கு அதிபர் ரீகன் கேட்ட உதவியைப் பிரதிநிதிகள் சபை அதே மாதம் நிராகரித்தது. அடுத்த சில நாட்களில் ஓர்ட்டேகா, அமெரிக்காவின் எதிரியான சோவியத் ஒன்றியத்தின் உதவி தேடி மாஸ்கோவுக்கு விமானம் ஏறினார். உதவியை எதிர்த்து வாக்களித்தவர்கள் தலையில் கைவைத்தார்கள்; ஜூன் மாதத்தில் அதே சபை 2.7 கோடி டாலர் இராணுவமல்லாத உதவிக்கு ஒப்புதல் தந்துவிட்டது. அயல்நாட்டுத் தலைவர் உங்கள் நற்பெயரைக் காப்பாற்றக் கடமைப்பட்டவர் அல்ல என்பதை இரண்டு செனட்டர்களும் அந்த வாரத்தில் கற்றிருப்பார்கள்.

வெளியூர் செல்லாமலே அதிபரின் அயலுறவுக் கொள்கையைக் காங்கிரஸ் புரட்டிப் போட்ட கதை 1986-இல் நடந்தது. தென்னாப்பிரிக்க நிறவெறி அரசின் மீது விரிவான தடைகள் விதிக்கும் சட்டத்தை ரீகன் தம் வீட்டோ அதிகாரத்தால் தடுத்தார்; பிரதிநிதிகள் சபை 313-க்கு 83, செனட் 78-க்கு 21 என்ற வாக்குகளில் அதை மீறிச் சட்டமாக்கின. வாக்கெடுப்புக்கு முன் தென்னாப்பிரிக்க வெளியுறவு அமைச்சர் பிக் போத்தா, வீட்டோ முறியடிக்கப்பட்டால் தானியம் வாங்க மாட்டோம் என்று வேளாண் மாநில செனட்டர்களிடம் தொலைபேசியில் எச்சரித்தார். செனட் அயலுறவுக் குழுத் தலைவரும் ரீகனின் கட்சிக்காரருமான ரிச்சர்ட் லூகர் அதை லஞ்சம், மிரட்டல் என்று கடிந்தார். அயல்நாட்டார் காங்கிரஸ் உறுப்பினரைத் தேடி வருவதும் இதே செய்தியின் ஒரு வகைதான். 2015 மார்ச் 3-ஆம் தேதி, வெள்ளை மாளிகையைக் கலந்துகொள்ளாமல் சபாநாயகர் ஜான் பேனர் அழைத்ததன் பேரில் இஸ்ரேல் பிரதமர் நெதன்யாகு காங்கிரசில் நின்று ஈரான் பேச்சுவார்த்தையைச் சாடியதும் அப்படித்தான். காட்டன் கடிதம் வந்தது அதற்கு ஆறு நாள் கழித்து.

கடைசியாக, கட்சிப் பெயரை மாற்றிப் படியுங்கள்

எழுதி முடித்த செய்தியில் கட்சிப் பெயர்களை இடம் மாற்றிப் பாருங்கள். அப்போதும் அதே வினைச்சொற்களை வைத்திருப்பீர்களா? 1984 மார்ச்சில், ஜிம் ரைட் உள்ளிட்ட பத்து ஜனநாயகக் கட்சி உறுப்பினர்கள் ‘அன்புள்ள கமாண்டன்டே’ (தளபதியே) என்று விளித்து, தேர்தல் நோக்கி எடுத்த அடிகளைப் பாராட்டி ஓர்ட்டேகாவுக்குக் கடிதம் எழுதினார்கள். குடியரசுக் கட்சியினர் கொதித்தார்கள். 31 ஆண்டு கழித்து, குடியரசுக் கட்சியினர் ஈரானுக்கு எழுதியபோது, கடிதத்தைக் கண்டு நம்பவே முடியவில்லை என்று செனட் குழு முன்பு சொன்ன வெளியுறவு அமைச்சர், முன்னொரு நாள் நிகரகுவாவின் தலைநகர் மனாகுவா சென்று திரும்பிய அதே ஜான் கெர்ரி. இரண்டுக்கும் வேறுபாடு இருக்கிறது என்று வாதாடலாம்: ஒன்று பேச்சை ஊக்குவிக்க முயன்றது, மற்றது பேச்சை முறிக்க முயன்றது. அந்த வேறுபாட்டை எழுதுங்கள். கட்சியை வைத்து எழுதாதீர்கள்.

செய்தியை மூடிவைத்த பிறகும் கோப்பைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். காட்டன் கடிதத்தில் கையொப்பமிடாத ஏழு பேரில் ஒருவர், செனட் அயலுறவுக் குழுத் தலைவர் பாப் கார்க்கர். ஈரான் ஒப்பந்தத்தைக் காங்கிரஸ் பரிசீலிக்க வழிசெய்யும் சட்டத்தை அவர் ஜனநாயகக் கட்சி செனட்டர் பென் கார்டினோடு சேர்ந்து கொண்டுவந்தார். 2015 மே 7-ஆம் தேதி செனட் அதை 98-க்கு 1 என்ற வாக்குகளில் நிறைவேற்றியது. ஒப்பந்தம் அந்த ஆண்டு ஜூலை 14-ஆம் தேதி எட்டப்பட்டது. அமெரிக்கா அதிலிருந்து 2018 மே 8-ஆம் தேதி, கடிதம் சொன்னபடியே அடுத்த அதிபரின் கையொப்பத்தில், வெளியேறியது. கார்க்கரின் சட்டத்துக்கு எதிராக விழுந்த அந்த ஒற்றை வாக்கு, இது உடன்படிக்கையாகவே செனட்டுக்கு வர வேண்டும் என்று சொல்லிவந்த டாம் காட்டனுடையது.